பூ விழுந்த கண்ணுக்குப் பிறந்த சிகிச்சை

கார்வேட்டிநகரத்துக்கு வடகிழக்கே, இன்றைய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது காளத்தி. பொத்தப்பி நாட்டு வேடன் திண்ணன் தன் கண்ணைத் தோண்டி இறைவன் கண்ணில் அப்பினான் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய ஊர். அந்தக் கதையில் நிகழ்ச்சிகள் வரும் வரிசை கவனிக்கத்தக்கது. லிங்கத்தின் வலக்கண்ணில் ரத்தம் வழிவதைப் பார்த்ததும் திண்ணன் தன் கண்ணில் கை வைக்கவில்லை. இதைச் செய்தவர் யார் என்று முதலில் தேடுகிறான். பிறகு காட்டுப் பச்சிலைகளைக் கொண்டுவந்து பிழிகிறான். அதற்கும் ரத்தம் நிற்காதபோதுதான் சதைக்குச் சதையே மருந்து என்ற பழைய வைத்திய நம்பிக்கை அவனுக்கு நினைவு வருகிறது. கண் தான மேடைகளில் கண்ணப்பர் பெயர் அடிக்கடி ஒலிப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கதை நம் மனத்தில் ஒரு படத்தையும் பதித்துவிட்டது: கொடுப்பது முழுக்கண், ஒரு கண்ணுக்கு ஒரு கண். கருவிழி மாற்று அறுவையின் வரலாற்றைப் பார்த்தால் அது இந்தப் படத்திலிருந்து படிப்படியாக விலகி வந்திருக்கிறது. முழுக்கண்ணிலிருந்து கருவிழிக்கு, முழுக் கருவிழியிலிருந்து அதன் ஓர் அடுக்குக்கு, அடுக்கிலிருந்து ஒரு கீற்றுக்கு. கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயாளிகளுக்கு இந்த விலகல் மிகத் தாமதமாகத்தான் பயன்பட்டது. அவர்களுக்கு நீண்ட காலம் அளிக்கப்பட்ட அறுவை வேறொரு நோய்க்காகப் பிறந்தது என்பதுதான் அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். அந்த அறுவையையும் பின்னால் வந்தவற்றையும் ஒப்பிடும்போது, ஓராண்டு கழித்து எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறார் என்பது மட்டும் அளவுகோலாகப் போதாது. நோயாளியின் வயதும் அவர் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தூரமும் கணக்கில் வர வேண்டும்.

கருவிழி என்ற சொல் சற்றுத் தடுமாற வைக்கும். கறுப்பாகத் தெரிவது உள்ளே இருக்கும் ஐரிஸும் பாவையும். அவற்றின் முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடிபோல மூடியிருக்கும் நிறமற்ற படலத்தைத்தான் மருத்துவர்கள் இங்கே கருவிழி என்கிறார்கள். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதற்குள் மேல்தோல், அதன் கீழே போமன் அடுக்கு, தடிமனில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரோமா, பின்னால் டெசிமெட் என்ற மெல்லிய சவ்வு, கடைசியில் ஒற்றை வரிசையாய் அமைந்த எண்டோதீலியம் செல்கள். இந்தக் கடைசி வரிசை ஓயாமல் நீர் இறைக்கும் ஏற்றம். அது ஓய்ந்தால் கருவிழி நீர் கோத்து வெளுத்துவிடும். மனிதனுக்கு அந்தச் செல்கள் இழந்தால் இழந்ததுதான், மறுபடி பெருகுவதில்லை. கூம்பு நோயில் கெடுவது முன்புறம். ஸ்ட்ரோமா மெலிந்து, வலுவிழந்து, உள்ளழுத்தத்தைத் தாங்க முடியாமல் முன்னே பிதுங்கிக் கூம்பாகிறது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்கி முப்பதுகளில் தானாக அடங்கும். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். ஒரு தெருவிளக்கு நாலைந்தாகச் சிதறித் தெரியும். ஒவ்வாமையால் கண் அரித்து விடாமல் கசக்குகிற பிள்ளைகளிடம் இது அதிகம். நாகபுரிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நூற்றுக்கு 2.3 பேருக்கு இது இருக்கலாம் என்றது. கருவிழியின் வளைவை மட்டும் வைத்து எடுத்த கணக்கு என்பதால் அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இதை அரிய நோய் என்று சொல்ல முடியாது. இத்தனைக்கும் பின்புறத்து எண்டோதீலியம் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமாகவே இருக்கிறது. இந்த ஓர் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டால் மீதி வரலாறு தெளிவாகும்.

நம் பக்கத்து ஜனங்கள் கருவிழி நோய் என்று அறிந்திருந்தது கூம்பை அல்ல, பூவை. ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்ற வழக்கில் வெண்மையான தழும்பு இருக்கிறது. அம்மை போட்டு இறங்கிய பின் விழுந்த பூ, நெல்தாளோ உமியோ கீறிப் புண்ணாகி விழுந்த பூ, சத்தில்லாத குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து கருவிழியே கரைந்து விழுந்த பூ. காளத்திக்குத் தென்மேற்கே உள்ள கார்வேட்டிநகரத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு காலத்தில் தனி ஜமீனின் தலைநகர். வட ஆற்காட்டில் இருந்த அந்தப் பகுதி 1911-இல் புதிதாகப் பிறந்த சித்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னை ராஜதானிக்குள்ளும் பிறகு சென்னை மாநிலத்துக்குள்ளும் இருந்தது. ஆகவே இந்த ஊரின் கண் மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர் எழும்பூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எலும்பு முறிந்தால் நாலு மாநிலத்திலிருந்தும் பக்கத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட ஜனம் வந்தது. கண்ணுக்கோ, புத்தூரில் ரயில் ஏறி அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே பழமையானது. அதன் கண்காணிப்பாளராக இருந்த ஆர்.ஈ. ரைட், குழந்தைகளின் கருவிழி கரைவதைப் பற்றி 1920-களிலேயே எழுதியிருக்கிறார். மருத்துவமனைக்கு வந்த கருவிழி நோயாளிகளில் பெரும்பாலோர் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு அது நல்ல சான்று. கூம்பு நோய் கண்ணில் வெள்ளையாய்த் தெரிவதில்லை. பார்வை மங்குகிற இளைஞனுக்குக் கண்ணாடி சரியில்லை என்றே ஊர் நினைக்கும்.

மேற்கிலும் மாற்று அறுவை பூவைக் கருதியே பிறந்தது. கெரட்டோபிளாஸ்டி என்ற சொல்லை ஜெர்மானிய மருத்துவர் ரைசிங்கர் 1824-இல் புழக்கத்தில் விட்டார். அதற்குப் பின் முயல், பன்றி, மான் என்று மிருகங்களின் கருவிழியை ஒட்டிப் பார்த்துத் தோற்றார்கள். 1880-களில் ஆர்தர் ஃபான் ஹிப்பெல் கடிகாரச் சுருள்வில்லால் சுழலும் வட்ட வெட்டுக்கருவி ஒன்றை அமைத்துக்கொண்டு வேறு வழியில் போனார். எண்டோதீலியம் கெட்டால் கருவிழி தெளிவாக இராது என்று லேபர் 1870-களில் காட்டியிருந்தார். அதை நம்பி ஃபான் ஹிப்பெல் நோயாளியின் பின்னடுக்கைத் தொடாமல் முன்னடுக்கை மட்டும் வெட்டியெடுத்து அந்த இடத்தில் முயலின் கருவிழியைப் பொருத்தினார். அதாவது, அடுக்கு மாற்று என்பது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. முழுத்தடிமன் மாற்று வெற்றி பெறுவதற்கு முன்னால் பிறந்தது. 1905 டிசம்பர் 7-ஆம் தேதி மொராவியாவின் ஓல்மூட்ஸ் நகரில் எட்வர்ட் ஸிர்ம் முழுத்தடிமன் மாற்றைச் செய்து வென்றார். நோயாளி சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் வெந்த கூலித்தொழிலாளி. கருவிழி கிடைத்தது, காயத்தால் கண்ணையே எடுக்க வேண்டியிருந்த ஒரு சிறுவனிடமிருந்து. ஸிர்ம் எதிர்கொண்டது ஆழமான சுண்ணாம்புத் தழும்பு. அங்கே முன்னடுக்கு மட்டும் போதுமா என்ற கேள்விக்கே இடமில்லை, வட்டமாக முழுவதையும் வெட்டியெடுப்பதே சரி. 1930-களில் ஒடெசாவின் ஃபிலாதவ், இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்த கருவிழியும் பயன்படும் என்று நிறுவியதும் அறுவை ஒரு சிகிச்சை முறையாக நிலைபெற்றது. ஸ்பெயினிலிருந்து நியூயார்க் சென்ற ரமோன் கஸ்ட்ரோவியேஹோ 1936-இல் அதைக் கூம்புக் கருவிழிக்குச் செய்தார். தழும்புக்கு வகுத்த அறுவையை, தழும்பே இல்லாத பிதுங்கிய கருவிழிக்கு அப்படியே கொண்டுவந்தார்கள். பின்னடுக்கு நன்றாக இருந்த கண்ணிலும் அது தூக்கியெறியப்பட்டது.

அன்றைய மருத்துவர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை. கூம்பு முற்றிய நோயாளிக்குக் கண்ணாடி உதவாது. 1888-இல் பாரிஸில் ஊஜேன் கால்ட் கூம்பை அழுத்திப் பிடிக்கவே கண்ணாடிக் கான்டாக்ட் லென்ஸ் செய்து பார்த்தார். அந்த லென்ஸின் பிறப்பில் இந்த நோய்க்கும் பங்கு உண்டு. அதைத் தாங்க முடியாதவர்களுக்கு, இல்லையேல் நுனியில் தழும்பு விழுந்தவர்களுக்கு அறுவை ஒன்றே மிச்சம். அதிலும் கூம்பு நோயாளிகள் நல்ல பலன் கண்டார்கள், மற்ற நோயாளிகளைவிட அதிகமாகவே கண்டார்கள். அவர்களின் கண்ணில் புது ரத்தக்குழாய்கள் ஏறியிருக்காது, அழற்சி இருக்காது, ஆகவே ஒட்டு தெளிவாக நிற்கும். அந்த வெற்றியே கேள்வியை மறைத்துவிட்டது. நன்றாக நடக்கும் அறுவையை ஏன் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சென்னைக்கு இந்த வரலாறு தாமதமின்றி வந்தது. எழும்பூரில் டாக்டர் ஆர்.ஈ.எஸ். முத்தையா 1945-இல் கண் வங்கி தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். அங்கேயே 1948-இல் நாட்டின் முதல் கருவிழி மாற்று அறுவையைச் செய்தார். அப்போது கார்வேட்டிநகரமும் அதே ராஜதானியில்தான் இருந்தது. அந்த அறுவையை வேறு மாநிலத்துச் சாதனையாக நினைக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் பேட்டன் தொடங்கிய கண் வங்கியும் ஏறத்தாழ அதே காலம் என்பதை நினைத்தால் முத்தையாவின் துணிச்சல் விளங்கும். கண் வங்கி என்பது குளிர்ப்பெட்டியோடு முடிகிற காரியம் இல்லை. இறந்தவர் வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய்க் கேட்கிற காரியம். இலங்கையில் ஹட்சன் சில்வா 1961-இல் கண் தானச் சங்கம் தொடங்கி, 1964 முதல் அயல்நாடுகளுக்கும் கருவிழிகளை அனுப்பினார். கேட்கும் வேலைக்கு அவர் துணைகொண்டவற்றில் தன் கண்களைத் தானம் செய்த சிபி மன்னனின் ஜாதகக் கதையும் உண்டு. நமக்குக் கண்ணப்பர் இருந்தார். பக்திக் கதைக்கும் அறுவை மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. அறுவையின் நுட்பத்துக்கு ஒரு தொடர்பும் இல்லைதான். ஆனால் அறுவைக்கு வேண்டிய திசு, துக்க வீட்டில் ஒருவர் தலையசைப்பதால் வருகிறது. அந்தத் தலையசைப்புக்குக் கதை காரணமாயிருந்தால் அது அறுவையின் வரலாற்றில் சேரும். அதே கதை வேறொரு தவறான எண்ணத்தையும் வளர்த்தது. கண்ணை முழுதாக எடுத்து இன்னொருவர் முகத்தில் வைக்கிறார்கள் என்று நம்பி, முகம் குலைந்துவிடுமே என்று தயங்கிய குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. எடுப்பது ஒரு மெல்லிய படலம் என்று சொல்வதற்கு இங்கே இன்னும் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

1950-களிலிருந்து அரை நூற்றாண்டு முழுத்தடிமன் மாற்றே ஆட்சி செய்தது. அடுக்கு மாற்றை விடாமல் முயன்றவர்கள் இருந்தார்கள். ஆனால் கையால் ஸ்ட்ரோமாவை அடுக்கடுக்காய்ப் பிரிக்கும்போது மேடுபள்ளம் மிஞ்சும். கொடையாளியின் அடுக்கும் நோயாளியின் அடுக்கும் சேரும் இடத்தில் மெல்லிய புகைபோல் ஒரு மங்கல் நிற்கும். படிக்க வேண்டிய இளைஞனுக்கு அந்த மங்கல் பெரிய இழப்பு. மறுபக்கம், மயிரிழையைவிட மெல்லிய நைலான் நூல், அறுவை நுண்ணோக்கி, 1974-இல் மெக்கேரியும் காஃப்மனும் உருவாக்கிய சேமிப்புத் திரவம் எல்லாம் சேர்ந்து முழுத்தடிமன் மாற்றை மேலும் உறுதியாக்கின. எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாக வெட்டி, பதினாறு தையல் போட்டு, ஓராண்டோ அதற்கு மேலோ கழித்துத் தையலைப் பிரிப்பது எங்கும் வழக்கமாயிற்று. தெளிவைப் பொறுத்தவரை அன்றைக்கு அதுவே சிறந்த அறுவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் கூம்பு நோயாளியின் வயது இருபத்திரண்டு. அவருக்கு வைக்கும் ஒட்டு ஐம்பது ஆண்டு உழைக்க வேண்டும். கண்புரையோடு வரும் எழுபது வயதுக்காரருக்குப் பதினைந்து ஆண்டு தாங்கினாலே ஆயுளுக்கும் போதும். ஆஸ்திரேலியாவின் கருவிழி ஒட்டுப் பதிவேடு, கூம்பு நோய்க்கு வைத்த ஒட்டுகளில் நூற்றுக்கு 89 பத்தாண்டுக்குப் பிறகும் நன்றாக இருப்பதாகவும், இருபதாண்டில் அது 49 ஆகக் குறைவதாகவும் 2011-இல் காட்டியது. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் மகிழ்ச்சி. இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்தால், கல்லூரியில் ஒட்டு வைத்தவர்களில் பாதிப்பேர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வயதுக்குள் இரண்டாம் அறுவையை எதிர்நோக்குகிறார்கள். இதில் எண்டோதீலியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புதிதாய் வந்த பின்னடுக்குச் செல்கள் இயல்பைவிட வேகமாகக் குறைகின்றன. உடல் அவற்றை அந்நியமென்று கண்டு தாக்கவும் கூடும். அந்தத் தாக்குதல் அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரும். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அன்றைக்கோ மறுநாளோ சிகிச்சை தொடங்க வேண்டும். எழும்பூருக்கு அரை மணி தூரத்தில் இருப்பவருக்கு இது சாதாரண அறிவுரை. விதைப்பு நடக்கும் வாரத்தில் கார்வேட்டிநகரத்துச் சுற்றுக் கிராமம் ஒன்றில் இருப்பவருக்கு, கண் சிவப்பு நாலு நாளில் தெளியும் என்று காத்திருப்பதே இயல்பு. அந்த நாலு நாளில் ஒட்டு போய்விடலாம். தாக்குதலைத் தடுக்க மாதக்கணக்கில் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண்ணழுத்தத்தைக் கூட்டும், புரையை வரவழைக்கும். அதற்கும் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். முழுத்தடிமன் வெட்டின் வடு ஒருநாளும் பழைய வலுவைப் பெறாது என்பதும் உண்டு. மாட்டுக் கொம்போ கபடி ஆட்டத்தில் ஒரு முழங்கையோ பட்டால் பல ஆண்டு கழித்தும் பிளந்துகொள்ளும். நோயாளியை வாழ்நாளெல்லாம் மருத்துவமனையின் பக்கத்திலேயே கட்டிப்போடும் அறுவை இது. சிகிச்சை முறைகளை ஒப்பிடும் கட்டுரைகளில் தூரம் ஒரு பத்தியாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நூறாண்டு பழமையான ஃபான் ஹிப்பெலின் எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது காற்று. முகமது அன்வரும் டைக்மனும் 2002-இல் வெளியிட்ட முறையில், கருவிழியைப் பாதிக்கு மேல் ஆழமாக வட்டமாய் வெட்டி, ஸ்ட்ரோமாவுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்திக் காற்றை ஏற்றுகிறார்கள். சரியான ஆழத்தில் ஏற்றினால் பெரிய குமிழியாய்த் திரண்டு டெசிமெட் சவ்வை ஸ்ட்ரோமாவிலிருந்து ஒரே மூச்சில் பிரித்துவிடுகிறது. பிறகு மேலிருக்கும் நோய்ப்பட்ட ஸ்ட்ரோமாவைக் கழித்துவிட்டு, பின்சவ்வு உரித்த கொடையாளியின் கருவிழியைப் பொருத்தித் தைக்கிறார்கள். ஒட்டு சேரும் இடம் கண்ணாடிபோல் வழவழப்பாக அமைவதால் பழைய புகை மங்கல் இல்லை. மருத்துவமனைப் பேச்சில் இதை டால்க் என்பார்கள். கண் ஒரு கணமும் முழுதாய்த் திறந்து கிடப்பதில்லை. முழுத்தடிமன் அறுவையில் சில நிமிடமாவது திறந்து கிடக்கும், அந்த நிமிடங்களில் உள்ளே ரத்தம் பீறினால் கண்ணே போய்விடும். அந்தக் காற்று ஏன் சில கண்களில் உறுதியான குமிழியாகவும் சிலவற்றில் எளிதில் உடைவதாகவும் திரள்கிறது என்பதற்கு 2013-இல் ஒரு விளக்கம் வந்தது. நாட்டிங்ஹாமில் பணியாற்றும் இந்தியர் ஹர்மிந்தர் துவா, டெசிமெட்டுக்கு முன்னால் காற்றையும் புகவிடாத மெல்லிய அடுக்கு ஒன்று இருப்பதாகக் காட்டினார். அது தனி அடுக்கா, ஸ்ட்ரோமாவின் கடைசி விளிம்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அறுவை செய்பவருக்கு எந்தக் குமிழியை நம்பலாம் என்று தெரிந்ததே பயன்.

இதற்கு எதிராக வைக்கப்படும் சான்று கனமானது, தட்டிக்கழிக்க முடியாதது. பிரிட்டனின் பதிவுகளை வைத்து 2009-இல் வந்த ஆய்வில், கூம்பு நோய்க்கு டால்க் ஒட்டு தோற்கும் அபாயம் முழுத்தடிமன் ஒட்டைப்போல ஏறத்தாழ இருமடங்கு என்று தெரிந்தது. ஆஸ்திரேலியப் பதிவேடும் 2014-இல் அதே திசையில் பேசியது: ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்குச் செய்த அறுவைகளில் டால்க் பின்தங்கியது. பார்வையின் கூர்மையில் ஒன்றைவிட மற்றது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றும், தாக்குதல் மட்டும் டால்க்கில் குறைவு என்றும் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. இவற்றை ஏற்றுக்கொண்டே என் பதிலைச் சொல்கிறேன். நாடு முழுவதன் பதிவேட்டில் அறுவையை அன்றுதான் கற்றுக்கொண்டிருந்தவர்களின் முதல் பத்துக் கண்களும் அடங்கும். டால்க்கின் தோல்விகள் பெரும்பாலும் தொடக்கத்தில் நேர்வன. சவ்வு கிழிந்ததால், மங்கல் விழுந்ததால், புதிய கை செய்ததால் வருவன. முழுத்தடிமன் ஒட்டின் தோல்விகளோ பதினைந்தாம், இருபதாம் ஆண்டில் வருவன. மூன்றாண்டு, ஐந்தாண்டுக் கணக்கில் அவை தெரியாது. கணக்கெடுக்கும் கால அளவே ஒரு முறைக்குச் சாதகமாகிவிடுகிறது. இரண்டாவது, தோற்பதும் ஒரே மாதிரித் தோற்பதில்லை. டால்க் ஒட்டு மங்கினால் நோயாளியின் சொந்தப் பின்னடுக்கு அநேகமாக அப்படியே இருக்கும், முன்னடுக்கை மட்டும் மறுபடி மாற்றலாம், இல்லையேல் முழுத்தடிமனுக்குப் போகலாம். முழுத்தடிமன் ஒட்டு தோற்றால் திரும்பிப் போக ஒரு படி இல்லை. அடுத்த ஒட்டு முந்தையதைவிடக் குறைந்த காலமே நிற்கும். டால்க்கிலும் ஸ்ட்ரோமா தாக்குதல் வருவதுண்டு. ஆனால் அது சொட்டு மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும், எண்டோதீலியத்தைக் கொண்டுபோவதில்லை. நாலு நாள் தாமதித்து வந்தாலும் கண்ணைக் காப்பாற்ற வாய்ப்பு மிகும். இந்த வேறுபாடு நகரத்து நோயாளிக்கு வசதி, தூரத்து நோயாளிக்கு அதுதான் பார்வை.

எல்லாருக்கும் டால்க் என்று நான் சொல்லவில்லை. டெசிமெட் சவ்வு திடீரெனக் கிழிந்து கருவிழி நீர் கோத்துப்போன கண்ணுக்கு, அந்த வடு ஆறிய பிறகும் குமிழி முறை ஆபத்தானது. அங்கே கையால் பிரிக்க வேண்டும், முடியாவிட்டால் முழுத்தடிமன் மாற்றே சரி. அறுவை நேரம் அதிகம், கற்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதும் உண்மை. இதையே ஏழை நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது என்ற வாதமாக நீட்டுகிறார்கள். திசுக் கணக்கைப் பார்த்தால் நேர் எதிராகத் தெரிகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்குக் கருவிழி மாற்று தேவைப்படுகிறது என்பது வழக்கமான மதிப்பீடு. நடப்பது அதில் சிறு பங்குதான். வயதானவர்களிடமிருந்து தானமாக வரும் கருவிழிகளில் பல, எண்டோதீலியம் செல்கள் குறைந்துவிட்டதால் முழுத்தடிமனுக்குத் தகுதி இழக்கின்றன. டால்க்குக்கு அந்தச் செல்கள் வேண்டியதே இல்லை. அதற்கும் மேலே, நல்ல கருவிழி ஒன்றின் முன்னடுக்கை ஒருவருக்கும் பின்னடுக்கை இன்னொருவருக்கும் கொடுக்கலாம். புது தில்லி எய்ம்ஸில் ரசிக் வாஜ்பாயி குழுவினர் 2007-இல் இதையும் தாண்டி, விளிம்பிலிருந்த மூலசெல்களையும் சேர்த்து, ஒரே கருவிழியை மூன்று பேருக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார்கள். துக்க வீட்டில் தலையசைத்தவர் கொடுத்தது ஒரு ஜோடிக் கண். அது எத்தனை பேரைச் சேர்கிறது என்பதை அறுவை அறையின் நுட்பம் தீர்மானிக்கிறது. திசு அரிதாயுள்ள நாட்டில் அடுக்கு மாற்று ஆடம்பரம் என்பதை இந்தக் கணக்கு ஏற்கவில்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று வேறு திசையிலிருந்து வருகிறது. ஒட்டே வேண்டாமே என்பது அது. டிரெஸ்டனில் வோலன்சாக், ஷ்பெர்ல், ஸைலர் மூவரும் 2003-இல் வெளியிட்ட முறை மிக எளிமையானது. ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினைக் கண்ணில் சொட்டுச் சொட்டாய் அரை மணி விட்டு, பிறகு அரை மணி புற ஊதாக் கதிர் பாய்ச்சினால், ஸ்ட்ரோமாவின் கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி இறுகுகிறது. கூம்பு அதற்குமேல் வளராமல் பெரும்பாலும் நிற்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் இதை சி3ஆர் என்பார்கள். நார்வேயில் ஒரு மருத்துவமனையின் கணக்கில் கூம்பு நோய்க்கான ஒட்டுகள் இது வந்தபின் பாதிக்கும் கீழே போயின. நெதர்லாந்தில் கால் பங்கு குறைந்தன. ஒப்பிட்டுக்கொண்டிருப்பதே வீண், தடுத்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும். கொள்கையளவில் இது முழுக்கச் சரி. நோய் முற்றும் முன் வருபவர்களுக்கே இது பயன்படும், கருவிழி நானூறு மைக்ரானுக்குக் கீழே மெலிந்துவிட்டால் அந்த டிரெஸ்டன் முறையும் அப்படியே பொருந்தாது. முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கருவிழியின் வரைபடம் எடுக்கும் கருவி வேண்டும். அது பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. ஹைதராபாத்தில் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் 1980-களில் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும், பின்னர் திருப்பதிக்கு வந்த அரவிந்த் கண் மருத்துவமனையும் அந்தத் தூரத்தைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் கண்ணாடிக் கடையில் பவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இரண்டு மூன்று வருஷம் கழித்து வரும் பிள்ளைக்கு சி3ஆர் தடுப்பாக முடியாது. அவருக்கு ஒட்டு பற்றிய கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு இடைப்பட்ட விடை ஒன்று சென்னையிலிருந்தே வந்தது. அகர்வால் கண் மருத்துவமனையின் சூசன் ஜேக்கப் 2018-இல் வெளியிட்ட முறையில், நோயாளியின் கருவிழியை வெட்டியெடுப்பதே இல்லை. கொடையாளியின் ஸ்ட்ரோமாவிலிருந்து பிறைபோல் நறுக்கிய கீற்றுகளை, நோயாளியின் கருவிழிக்குள் குடைந்த வளைந்த பாதைக்குள் இழுத்து வைக்கிறார்கள். கூம்பு தட்டையாகிறது, கூடவே சி3ஆர் செய்து இறுக்குகிறார்கள். முன்னால் இதே இடத்தில் பிளாஸ்டிக் வளையங்கள் வைத்தார்கள். அவை நாளடைவில் கருவிழியை அரித்து வெளியே வரும் சிக்கல் இருந்தது. கீற்றுக்குச் செல்களே தேவையில்லை என்பதால் வேறெதற்கும் தகுதியற்ற கருவிழியும் இதற்கு உதவும். தையல் இல்லை, கண்ணுக்குள் திறப்பு இல்லை, தாக்குதல் அச்சமும் மிகக் குறைவு. தேவைப்பட்டால் கீற்றை எடுத்துவிடலாம், பின்னால் டால்க் செய்யவும் வழி மூடவில்லை. முழுக் கருவிழியிலிருந்து தொடங்கிய வரலாறு இப்படி அரை மில்லிமீட்டர் படலத்துக்குள் ஒரு கீற்றாகக் குறுகியிருக்கிறது. இதைப் பற்றி எழுதப்படும் மகிழ்ச்சியான அறிக்கைகளுக்கு நான் சேர்க்க விரும்புவது ஒரு எச்சரிக்கை மட்டும். முழுத்தடிமன் ஒட்டின் பலவீனத்தை நமக்குக் காட்டியது இருபதாம் ஆண்டுக் கணக்கு. 2018-இல் கீற்று வைத்துக்கொண்ட இருபது வயதுக்காரர்கள் அந்த இருபதாம் ஆண்டை 2038-இல்தான் எட்டுவார்கள். அதுவரை அவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது, எத்தனை கண் மறு அறுவைக்குப் போனது என்பதை யாராவது விடாமல் எழுதிவைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிடம் இருப்பதுபோல நாடு முழுவதற்குமான அப்படியொரு பதிவேடு நம் நாட்டில் வேரூன்றவில்லை.